நாற்றுக்கு விளக்கு: நெல்லைச் சீமையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

ஆனி பிறந்துவிட்டால் ஆடிப்பட்டத்துக்கு நாற்று விடுகிறவர்களின் கேள்விகள் வரத் தொடங்கும். சில வருடங்களாக அதில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணாச்சி, ஆன்லைன்ல செடி லைட்டுன்னு ஊதா கலர்ல ஒண்ணு கெடக்கு. அத வாங்கிப் போட்டா வீட்டுக்குள்ளயே நாத்து விட்டுரலாமா?" என்று பாளையங்கோட்டை அடுக்குமாடிக்காரர் கேட்கிறார். தென்காசிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா, "பத்து நாளா வெயிலு மொகத்தயே காட்டல தம்பி, தக்காளி நாத்து நூலாட்டம் நெட்டையாப் போவுது" என்கிறார். பாபநாசத்துக்காரருக்கு வெயில் தாராளம். அவருக்கு மொட்டைமாடியில் குரங்குதான் தொல்லை.

மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. விளக்கு விற்பனைப் பக்கங்களில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டது. அங்கே டிசம்பர், ஜனவரியில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கிவிடும், வெளியே பனி கொட்டும், விதை முளைக்கவே சூட்டு மெத்தை போட வேண்டியிருக்கும். நமக்கு மார்கழியில்கூடப் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. நம்மூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அது வீட்டுக்குள் வருவதுதான் பெரும்பாடு. தடித்த சுவரும் சின்ன ஜன்னலுமாகக் கட்டிய பழைய வீட்டின் தார்சாவிலும் பட்டாசலிலும் நண்பகலிலேயே விளக்குப் போட்டால்தான் பேப்பர் படிக்க முடியும். ஆகவே எந்த விளக்கு என்று பார்ப்பதற்கு முன்னால் விளக்கு வேண்டுமா என்று பார்த்துவிடுவது நல்லது. பாதிப் பேருக்குக் காசு அங்கேயே மிச்சம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் வெளிச்சத்தின் அளவு. ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். இரவில் ஒரு டியூப் எரியும் அறையில் மேசை மட்டத்தில் இருப்பது 100 முதல் 300 லக்ஸ். நம் கண் இரண்டுக்கும் ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை 'நல்ல வெளிச்சமாக' இருப்பதாகத் தோன்றும். செடிக்கு அது இருட்டு. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று கட்டையாகவும் திடமாகவும் வர 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை, ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வேண்டும். செடிக்கான சரியான அலகு, அதற்குப் பயன்படும் ஒளித்துகள்களை எண்ணும் மைக்ரோமோல்தான். வெள்ளை எல்இடி விளக்குக்கு லக்ஸ் எண்ணை 70ஆல் வகுத்தால் அது ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் துல்லியமானவை அல்ல என்றாலும் 500 லக்ஸா 10,000 லக்ஸா என்ற வித்தியாசத்தை நன்றாகவே காட்டும்.

செயலி இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை. தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல்களின் நிழல் தனித்தனியாக விழுந்தால் நாற்றுக்கு ஓரளவு போதும். மங்கலாக ஒரு திட்டு மட்டும் தெரிந்தால் போதாது. நிழலே விழவில்லை என்றால் அந்த இடத்தில் விதையை வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது சூடு. மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி போதும்; நம் வீடுகளில் வருடத்தின் பெரும்பகுதி அது சும்மாவே கிடைக்கும். விளக்கு கூடுதலாகத் தருகிற சூடு குளிர்நாட்டில் வரம். சித்திரை, வைகாசியில் நமக்கு அது தொல்லை. சூடு அதிகமாகவும் வெளிச்சம் குறைவாகவும் இருந்தால் நாற்று இன்னும் வேகமாக நெட்டை போகும்.

மூன்றாவது மின்சாரம். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட். நமக்கு இரண்டு மாதக் கணக்கு, ஏறஏற வீதமும் ஏறும் கட்டணம். ஏற்கெனவே ஏ.சி. ஓடி ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீட்டில் இருபது, முப்பது யூனிட் கூடினாலும் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, எத்தனை நாற்று. வழக்கமான 98 குழித்தட்டு சுமார் 54 செ.மீ. நீளம், 27 செ.மீ. அகலம். வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ தட்டு போதும். இந்தக் கட்டுரையின் கணக்கெல்லாம் இரண்டு தட்டுக்கு, அதாவது 196 நாற்றுக்கு.

கடைசியாக, விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்: டைமர், ரேக், வயரிங், மின்விசிறி, வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை வெயிலுக்குப் பழக்க ஆகும் நாட்கள்.

## மொட்டைமாடியும் நிழல்வலையும்

விளக்கே இல்லாத இந்த வழிதான் எனக்கு முதல் தேர்வு. கணக்கு எளிது. 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே நண்பகலில் 50,000 லக்ஸ் இருக்கும். 75 சதவீத வலை போட்டால்கூட 25,000 லக்ஸ். வீட்டுக்குள் நல்ல விளக்குப் போட்டுப் பெறும் வெளிச்சத்தைவிட இது அதிகம், அதுவும் மின்கட்டணமே இல்லாமல். வெயிலில் வளர்ந்த நாற்றுக்குத் தண்டு தானாகவே திடப்படும், நடுகிறபோது வாடாது.

சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்று திருநெல்வேலி வரை வீசியடிக்கும். குழித்தட்டின் ஒவ்வொரு குழியிலும் இருப்பது ஒரு கைப்பிடிகூட இல்லாத தென்னை நார்க்கழிவு. அந்தக் காற்றில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்க வேண்டும். மேற்குப் பக்கம் வலையைத் தரைவரை இறக்கிக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். தட்டைத் தளத்தில் நேராக வைக்காதீர்கள். வெயிலில் காய்ந்த சிமெண்டு தளம் கீழிருந்து வேகவைக்கும். ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை தலைகீழ். வலை வெயிலைத் தடுக்கும், மழையைத் தடுக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்தது போன்ற மழை தைப்பட்டத்து நாற்றுக் காலத்தில்தான் வருகிறது. வலைக்கு மேலே பாலித்தீன் கூரையும், பக்கங்களில் காற்றோட்டமும் இல்லையென்றால் நாற்றழுகல் ஒரே ராத்திரியில் தட்டைப் படுக்கவைத்துவிடும். விதைக்கும்போதே கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைநேர்த்தி செய்வது எந்த வழியைத் தேர்ந்தாலும் நல்லது.

அணில், மயில், குரங்கு மூன்றும் வரும் ஊர்களில் வலையை நான்கு பக்கமும் அடைத்துத் தைக்க வேண்டும். குரங்கு அதையும் கிழிக்கும். பாபநாசம், குற்றாலம் பக்கம் அதனால்தான் விளக்கு நியாயமான வழியாகிறது.

## ஜன்னலோரம்

தெற்கு ஜன்னலில் வையுங்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நம் ஊருக்கு அது மார்கழிக்கு மட்டும் பொருந்தும். சித்திரை பிறக்கிற சமயத்தில் நண்பகல் சூரியன் நெல்லைக்கு நேர் உச்சியில் நிற்கும். பிறகு வடக்கே சாய்ந்து, ஆவணி நடுவில் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே போகும். ஆடிப்பட்டத்து நாற்று வளரும் நாட்களில் தெற்கு ஜன்னலுக்கு நேர்வெயிலே கிடையாது. வடக்கு ஜன்னலுக்கும் கிடைக்காது. சூரியன் அவ்வளவு உயரத்தில் நிற்பதால் சன்ஷேடே அதை மறைத்துவிடும்.

தடையில்லாத கிழக்கு ஜன்னல் இருந்தால் காலை இரண்டு மூன்று மணி நேரம் நல்ல வெயில் கிடைக்கும். நாலைந்து கப்பில் மிளகாய் வளர்க்க அது போதும், தினமும் கப்பைத் திருப்பி வைக்க மறக்கக் கூடாது. குழித்தட்டுக்குப் போதாது. பக்கத்து வீட்டுச் சுவர் நான்கடியில் நிற்கிற தெருக்களில் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம்.

## சாதாரண எல்இடி டியூப்

வீட்டுக்குள்தான் வளர்க்க வேண்டும் என்று முடிவாகிவிட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு நான் சொல்வது இதைத்தான். எலக்ட்ரிக்கல் கடையில் அறைக்குப் போட வாங்கும் நாலடி, 20 வாட், 6500 கெல்வின் வெள்ளை டியூப். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். 'செடி விளக்கு' என்ற பெயர் இதற்குக் கிடையாது. ஆனால் வெள்ளை எல்இடியில் நீலமும் பச்சையும் சிவப்பும் எல்லாம் உண்டு. 6500 கெல்வினில் நீலம் சற்றுத் தூக்கலாக இருப்பதால் தண்டு நீளாமல் நாற்று குட்டையாக வரும். நாற்றுப் பருவத்தில் நாம் கேட்பது அதைத்தான். மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் டியூப் இங்கே வேண்டாம்.

நாலடி டியூபுக்குக் கீழே இரண்டு குழித்தட்டு நீளவாக்கில் சரியாக அமரும். இரண்டு டியூபைப் பத்து செ.மீ. இடைவெளி விட்டு ஒரு பலகையில் பொருத்தி, சங்கிலியும் எஸ் கொக்கியும் போட்டு, இலை நுனிக்கு மேலே 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள். அந்த உயரத்தில் சுமார் 10,000 லக்ஸ் கிடைக்கும். நாற்று வளர வளர ஒவ்வொரு கண்ணியாகச் சங்கிலியைச் சுருக்கி விளக்கை உயர்த்திக்கொண்டே போக வேண்டும்.

உயரத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். நல்ல டியூபை வாங்கிச் சுவரில் ஆறடி உயரத்தில் மாட்டிவிட்டு, நாற்று வெளிறிவிட்டது என்று விளக்கைக் குறை சொல்வார்கள். நீள டியூபுக்கு அருகில் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகும். உருண்டை பல்பாக இருந்தால் கால்வாசியாகிவிடும். டியூப் பல்பைவிட நாற்றுக்குத் தோதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: தட்டின் இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் நாற்று ஒரே சீராக வரும்.

தட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் வெளியே சிதறும் வெளிச்சம் திரும்பி விழும். காற்றுப் போக மேலும் கீழும் இடைவெளி விடுங்கள். மிளகாய்க்கு மூன்றாவது டியூப் ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அது 35 முதல் 40 நாள் தட்டிலேயே இருக்கும். தக்காளிக்கு 25 நாள்தான், இரண்டே போதும்.

முளை தலைகாட்டிய அன்றே விளக்கு எரிய வேண்டும். அதற்கு முன் தேவையில்லை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் போர்த்தி வைத்தாலே தக்காளியும் மிளகாயும் முளைத்துவிடும். ஆனால் முளைத்த பின் இரண்டு நாள் தாமதித்தால் தண்டு நெடுநெடுவென்று போய்விடும், பிறகு எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் குட்டையாகாது. சரியாகப் போகும் தட்டை அருகில் குனிந்து பார்த்தால் தெரியும்: வித்திலை இரண்டும் தட்டையாக விரிந்திருக்கும், அதற்குக் கீழே தண்டு ஒரு விரல்கட்டை நீளத்தைத் தாண்டாது, தக்காளித் தண்டின் அடியில் லேசான கத்தரிப்பூ நிறம் ஓடியிருக்கும். வெளிச்சம் போதாத தட்டில் தண்டு வெள்ளையாக, கண்ணாடி போலத் தெரியும். தண்ணீர் தெளித்ததும் சாய்ந்துவிடும்.

மின்சாரம்: 40 வாட், 16 மணி நேரம். ஒரு நாளைக்கு 0.64 யூனிட், முப்பது நாளைக்கு 19 யூனிட் சொச்சம். டியூப் இரண்டும் டைமரும் வயரும் சேர்த்து ஆயிரத்துக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் இடையில் முடித்துவிடலாம். வாங்கும்போது பெட்டியில் வாட்டைப் பாருங்கள். அதே நாலடி நீளத்தில் 10, 12 வாட் டியூபும் விற்கிறார்கள்; பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், வெளிச்சம் பாதிதான்.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது டைமர். சக்கரம் சுற்றும் மெக்கானிக்கல் டைமர் மலிவு, ஆனால் மின்தடை வந்தால் அதுவும் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஐந்து மணி நேரம் நிறுத்தினால் அன்றிலிருந்து அது ஐந்து மணி நேரம் பின்தங்கியே ஓடும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் நேரம் தவறாது. மின்தடையைக் கண்டு விளக்கை இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டியதில்லை. ஒரு நாள் ஐந்து மணி நேரம் வெளிச்சம் குறைந்தால் நாற்றுக்கு ஒன்றும் ஆகாது. அதே நேரம் இருபத்துநான்கு மணி நேரமும் எரிய விடாதீர்கள். ஓய்வில்லாத வெளிச்சத்தில் தக்காளி இலை மஞ்சளாகிக் கெட்டுப்போகும்.

இரண்டாவது, தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருப்பது. இந்த டியூப் அறைக்குச் செய்தது, ஈரத்துக்குச் செய்ததல்ல. தெளிப்பானை எடுக்கும் முன் சுவிட்சை அணையுங்கள். பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தட்டின் மட்டத்துக்கு மேலே, சுவரில் இருக்கட்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் இதைச் சாக்கிட்டாவது ஒன்று போட்டுவிடுங்கள். நாற்றைவிட அது முக்கியம்.

மூன்றாவது காற்று. அடைத்த அறையில் அசையாத காற்றில் வளரும் நாற்றுக்குத் தண்டு வலுக்காது, பூஞ்சையும் வரும். சின்ன மின்விசிறியை மெதுவாக, இலை லேசாக அசையும் அளவுக்கு வையுங்கள். கோடையில் விளக்கைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுக் காலை எட்டு மணிக்கு அணைத்தால், விளக்கின் சூடும் பகல் சூடும் ஒன்றாகச் சேராது. செடிக்குப் பகலும் இரவும் நாம் வைப்பதுதான்.

## வீட்டில் கிடக்கும் பழைய டியூப், சிஎஃப்எல், குண்டு பல்பு

சோக் வைத்த பழைய 36 வாட் டியூப் வேலை செய்கிற நிலையில் கிடந்தால் இந்த வருடத்துக்கு அதையே பயன்படுத்தலாம். சோக்கையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 50 வாட் இழுக்கும், முனைகள் கறுத்திருந்தால் வெளிச்சம் குறைந்திருக்கும். புதிதாக இதை வாங்கக் காரணமே இல்லை. டியூபிலும் சிஎஃப்எல்லிலும் பாதரசம் இருக்கிறது. தட்டுக்கு நேர்மேலே தொங்கும் ஒன்று உடைந்தால் அந்த மண்ணை எடுத்து எறிய வேண்டியிருக்கும்.

குண்டு பல்பை விட்டுவிடுங்கள். வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை அது சூடாக்கிவிடும்.

## ஊதா விளக்கும் கிளிப் விளக்கும்

அதிகம் விளம்பரமாவது இவைதான், அதிகம் ஏமாற்றுவதும் இவைதான். பின்னால் இருக்கும் அறிவியல் பொய்யல்ல. பச்சையம் 450 நானோமீட்டர் பக்கத்து நீலத்தையும் 660 பக்கத்துச் சிவப்பையும் நன்றாக உறிஞ்சும். அந்த இரண்டை மட்டும் கொடுத்தால் மின்சாரம் மிச்சம் என்பது எண்ணம். ஆனால் பச்சை ஒளியையும் செடி பயன்படுத்திக்கொள்கிறது. சிவப்பும் நீலமும் மேல்பரப்பிலேயே தீர்ந்துவிட, பச்சை இலையின் உள்ளே ஆழமாகப் போகும். வெள்ளை விளக்கில் அது வீணாகிறது என்பது சரியல்ல.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. ஊதா வெளிச்சத்தில் நாற்றைப் பார்க்க முடியாது. இலை மஞ்சளடிப்பதும், அசுவினி ஒட்டியிருப்பதும், தண்டின் அடி கறுத்து அழுகத் தொடங்குவதும் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். நாற்றுக்காலத்தில் நாளுக்கு இரண்டு தடவை தட்டைப் பார்ப்பதுதான் வைத்தியமே. அதைக் கெடுக்கும் விளக்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது வாட் பித்தலாட்டம். '1000 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உண்மையில் இழுப்பது அதில் ஒரு சிறு பங்குதான். வளைகிற கழுத்தோடு நான்கு தலை வைத்த யுஎஸ்பி கிளிப் விளக்கில் '80 வாட்' என்று இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: கைபேசி சார்ஜர் தருவது 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். அதற்கு மேல் அந்த வயரில் வர வழியில்லை. நான்கு தலைக்கும் பிரித்தால் தலைக்கு இரண்டரை வாட். மேசையில் இருக்கும் ஒரே ஒரு துளசிக்கோ, இரண்டு கப் மிளகாய்க்கோ அது உதவும். 98 குழித்தட்டுக்கு உதவாது. இன்னொன்று, இவற்றில் பல மாதிரிகள் மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக எரியாது. பொத்தானை அழுத்த ஆள் வேண்டும். ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

## முழு நிறமாலைப் பலகை

வெள்ளை எல்இடி நூற்றுக்கணக்கில் பதித்த தட்டையான அலுமினியப் பலகை. நடுநடுவே 660 நானோமீட்டர் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். 'குவாண்டம் போர்டு' என்று விற்கிறார்கள். நல்லவற்றில் சாம்சங்கின் எல்எம்301 வகை எல்இடி இருக்கும். வாங்கத் தகுந்த பொருள்தான், ஏமாற்று இல்லை. ஒரு வாட்டுக்குத் தரும் வெளிச்சம் சாதாரண டியூபைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல்.

ஆனால் வீட்டுக்கு இது தேவையா என்பதைக் கணக்கே சொல்லிவிடும். இரண்டு தட்டுக்கு டியூப் 40 வாட் கேட்கும் இடத்தில் பலகை 22 வாட்டில் அதே வெளிச்சத்தைத் தரும் என்று வைப்போம். மிச்சம் 18 வாட். ஒரு நாளைக்கு 0.29 யூனிட். ஆடிப்பட்டம், தைப்பட்டம் இரண்டுக்கும் சேர்த்து 80 நாள் எரித்தால் வருடத்துக்கு 23 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வைத்தாலும் 230 ரூபாய்தான். பலகைக்கு நாம் கூடுதலாகக் கொடுப்பது ஆயிரக்கணக்கில். மிளகாய் நாற்றை நம்பி அந்தப் பணம் திரும்ப வரப் பல வருடம் ஆகும்.

கணக்கு தலைகீழாகும் இடமும் உண்டு. வருடம் முழுவதும் நாற்பது தட்டு ஓடும் நாற்று வியாபாரமாக இருந்தால் டியூபுக்கு 800 வாட், பலகைக்கு 450 வாட் என்று ஆகும். வருடத்துக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் மிச்சம்; அங்கே பலகைதான் மலிவு. விற்பனைக்கு என்றால் வீட்டு மின் இணைப்பில் ஓட்டக் கூடாது, அதற்குரிய இணைப்பு வேண்டும் என்பதையும் செலவில் சேர்க்க வேண்டும். நாற்றோடு நிறுத்தாமல் வீட்டுக்குள்ளேயே மிளகாயைக் காய்க்கவைக்க வேண்டும், லெட்யூஸ் போன்ற இலைகளை அறுவடைவரை வளர்க்க வேண்டும் என்பவர்களுக்கும் பலகை சரி. காய்க்கும் செடிக்கு வேண்டிய வெளிச்சம் டியூபில் வராது.

இதை நாற்றுக்குப் போடுகிறவர்கள் உயரத்தில் கவனமாக இருக்க வேண்டும். 100 வாட் பலகையை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டால் இளம் இலை வெளுத்துச் சுருளும். ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் தொடங்குங்கள். வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் பாதியில் வையுங்கள். இலை மட்டத்தில் புறங்கையை அரை நிமிடம் பிடித்துப் பார்த்து, கைக்குச் சூடு உறைத்தால் நாற்றுக்கும் உறைக்கும்.

## நாற்றாகவே வாங்குவது

இருபது தக்காளி, பத்துக் கத்தரி வைத்தால் போதும் என்கிறவர் விளக்கும் வாங்க வேண்டாம், வலையும் கட்ட வேண்டாம். பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் காய்கறி விவசாயம் பெரிய அளவில் நடப்பதால் குழித்தட்டு நாற்று கிடைப்பது சிரமமில்லை. கிடைப்பவை பெரும்பாலும் சந்தைக்கு ஓடும் வீரிய ஒட்டு ரகங்கள். பாட்டி காலத்து நாட்டுக் கத்தரியையோ, நண்பர் கொடுத்த நாட்டு மிளகாய் விதையையோ காப்பாற்ற வேண்டுமென்றால் நாமே நாற்று விடுவதைத் தவிர வழியில்லை. எனக்கு வீட்டு நாற்றங்கால் மேல் இவ்வளவு அக்கறை இருப்பதும் அந்த விதைகளுக்காகத்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | வெளிச்சம் | 2 தட்டுக்கு ஒரு நாள் மின்சாரம் | கண்ணில் படாத செலவு | பொருந்துவது |
|---|---|---|---|---|
| நிழல்வலை | தேவைக்கு மேல் | இல்லை | காற்றுத் தடுப்பு, மழைக்கூரை, இருவேளைத் தண்ணீர் | மாடியோ முற்றமோ உள்ள எல்லாருக்கும் |
| கிழக்கு ஜன்னல் | நாலைந்து கப்புக்கு மட்டும் | இல்லை | தினமும் திருப்பும் வேலை | மிகச் சிறிய அளவு |
| எல்இடி டியூப் இரண்டு | போதும் | 0.64 யூனிட் | டைமர், விசிறி, பாதுகாப்பான வயரிங் | அடுக்குமாடி, சாரல் பகுதி, குரங்கு வரும் ஊர் |
| பழைய டியூப் இரண்டு | கறுக்காத வரை போதும் | சுமார் 1.6 யூனிட் | பாதரசம், கூடுதல் சூடு | கையில் இருப்பவர்களுக்கு மட்டும் |
| ஊதா, கிளிப் | பெட்டியில் உள்ளதைவிட மிகக் குறைவு | விளக்கைப் பொறுத்தது | நோய் கண்ணில் படாது | ஒன்றிரண்டு தொட்டி |
| முழு நிறமாலைப் பலகை | தாராளம் | டியூப் அளவு வெளிச்சத்துக்கு ஏறத்தாழ 0.35 யூனிட் | முதலீடு, இலை வெளுப்பு | நாற்று விற்பவர், உள்ளேயே காய்க்க வைப்பவர் |

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கத்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. சாரல் காலத்திலும் மேகத்தின் ஊடாக வெளியே வருகிற வெளிச்சம் பல நேரம் 10,000 லக்ஸைத் தாண்டும். உங்களுக்கு முழு வலையோ முழு விளக்கோ வேண்டியதில்லை. பகலில் ஒளி ஊடுருவும் பாலித்தீன் கூரைக்குக் கீழே வையுங்கள், மேகம் கறுத்த நாட்களில் மட்டும் மாலை ஆறிலிருந்து பத்துவரை டியூபைப் போடுங்கள். அந்த அக்காவின் தக்காளிக்கும் நான் சொன்னது இதைத்தான்.

## விளக்கிலிருந்து வெயிலுக்கு

விளக்கில் நாற்று நன்றாக வந்தபிறகு இழப்பவர்கள்தான் அதிகம். 10,000 லக்ஸில், காற்றில்லாத அறையில் வளர்ந்த இலையை நேரே 1,00,000 லக்ஸ் வெயிலிலும் மேல்காற்றிலும் வைத்தால் மதியத்துக்குள் காகிதம்போல வெளுத்துவிடும். இந்தப் பழக்குதலுக்கு ஏழு முதல் பத்து நாள் ஒதுக்க வேண்டும், அது நாற்றின் வயதுக்குள்ளேயே அடங்கும்.

முதல் இரண்டு நாள் வெளியே, காற்று நேராக அடிக்காத நிழலில் வையுங்கள். மூன்றாம் நாள் காலை ஏழிலிருந்து எட்டரைவரை வெயில். பிறகு தினமும் அரைமணி, முக்கால்மணி கூட்டிக்கொண்டே போய், கடைசி மூன்று நாள் 50 சதவீத வலைக்குக் கீழே முழுப்பகலும். இலை லேசாகத் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் சரியான வேகத்தில் போகிறீர்கள். மாலையிலும் நிமிரவில்லை என்றால் மறுநாள் ஒரு படி பின்வாங்குங்கள். இந்த நாட்களில் தண்ணீரைச் சற்றுக் குறைக்கலாம், அடியோடு காயவிடக் கூடாது.

ஆடிப்பெருக்கன்று நட நினைத்தால் இங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். மிளகாய் விதை ஆனி பத்துக்குள் தட்டில் விழ வேண்டும், தக்காளி ஆனி இருபத்தைந்துவாக்கில். நடுகிற அன்று காலையில் தட்டை நன்றாக நனைத்து வைத்து, மாலை நான்கு மணிக்கு மேல், காற்று தணிந்தபிறகு நடுங்கள். மேற்குப் பக்கம் வாரியோலை ஒன்றைச் சாய்த்து ஒரு வாரம் மறைப்புக் கொடுங்கள்.